கதவுக்கு எதிரே ஒரு கேமரா

காலை டீ நேரம் முடிந்து பெல் அடித்த பிறகுதான் சித்ரகலா அதைக் கவனித்தாள். தையல் மெஷின்களின் ஓரத்தில் நின்ற தண்ணீர் பாட்டில்கள் ஒன்றுகூடக் காலியாகவில்லை.

சாதாரண நாளில் அந்நேரத்துக்குப் பாதிப் பேர் பாட்டிலோடு குழாயடிக்குப் போய் வந்திருப்பார்கள். ஐப்பசி பிறந்தும் வெயில் தணியவில்லை. மேலே தகரக் கூரை. பஞ்சுத் தூசி வேறு தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அப்படியிருந்தும் அந்தத் திங்கட்கிழமை யாரும் நாக்கை நனைப்பதற்கு மேல் குடிக்கவில்லை.

நெருப்பெரிச்சலில் உள்ள அந்தப் பனியன் கம்பெனியில் சித்ரகலா செக்கிங் சூப்பர்வைசர். தண்ணீர் நன்றாக இல்லையா என்று பக்கத்து டேபிளில் இருந்த மாரக்காளிடம் கேட்டாள். மாரக்காள் தாடையால் பின்பக்கம் காட்டிவிட்டு, கையிலிருந்த பனியனைத் திருப்பி நூல் வெட்ட ஆரம்பித்தாள்.

பின்பக்கம், பெண்கள் பாத்ரூமுக்குப் போகும் சந்து. சந்து முனையில், பாத்ரூம் கதவுக்கு நேர் எதிரே, சுவரின் உச்சியில் புதிதாக ஒரு கேமரா இருந்தது.

அதை மாட்டியவன் அவளுடைய கொழுந்தன் தமிழ்செல்வன்.

*

தமிழ்செல்வன் கட்டிங் வேலையை விட்டுவிட்டுக் கேமரா மாட்டும் தொழிலில் இறங்கிய அன்றைக்கு, அவன் அண்ணனும் சித்ரகலாவின் கணவனுமான சசிகுமார் சாப்பிடாமல் எழுந்து போனான். இருவருக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசியவள் சித்ரகலா. அதோடு நிற்காமல், முதலாளி சாமியப்பனிடம் அவளே பேசி, கம்பெனி முழுவதற்கும் கேமரா மாட்டும் வேலையைக் கொழுந்தனுக்கு வாங்கிக் கொடுத்தாள். இது சரியாக அமைந்தால் தன் மச்சினர் கம்பெனிக்கும் இவனையே அனுப்புவதாகச் சாமியப்பன் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏணியில் ஏறி இறங்கி வேலையை முடித்துவிட்டுத் தம்பி மண்ணரையில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு சசிகுமார் அவனிடம் முகம் கொடுத்துப் பேசினான்.

தமிழ்செல்வனின் மனைவி அபிராமி சாத்தூர்ப் பக்கத்துப் பெண். இதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இருவரும் இங்கேதான் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டார்கள். தை மாதத்தில் அவளுக்கு ஒரு கரு கலைந்துபோயிற்று. நல்ல சேதியை எல்லாருக்கும் சொல்லி முடித்த மறுவாரமே அது நடந்தது. அதற்குப் பிறகு, விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியே அந்தப் பெண் பாதியாகிப் போனாள்.

மண்ணரையில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவாக இரண்டே கக்கூஸ். யார் எப்போது போகிறார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. அபிராமி கொஞ்ச நாளாக விடிவதற்கு முன்பே வாளியோடு போய்வருவதும், வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பதும் சித்ரகலாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. கேட்கவில்லை. இந்த முறை அவளாக எப்போது சொல்கிறாளோ அப்போது சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

கம்பெனிச் சந்துக்கும் அப்படிச் சில முறைகள் உண்டு. யாரும் எழுதி ஒட்டியதில்லை. புதிதாக வருகிறவளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை. இருந்தும் சீக்கிரமே வந்துவிடும்.

கடைசிக் கதவுக்குத் தாழ்ப்பாள் நிற்காது. உள்ளே போகிறவள் துப்பட்டாவைக் கதவின் மேல் போட்டுவிட்டால் ஆள் இருக்கிறது என்று பொருள். வெளியே நிற்பவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். உள்ளே இருப்பவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. உள்ளே யாராவது அழுதால், கை கழுவுகிற மாதிரிக் குழாயைத் திறந்துவிட்டு மற்றவர்கள் விலகிவிடுவார்கள். கட்டிங்கில் கழிந்த மெத்தென்ற துணியைச் சுருட்டித் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு ஒருத்தி வேகமாகப் போனால், எதிரே வருபவள் சுவரோரம் ஒதுங்கி வேறெங்கோ பார்ப்பாள். ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த பெண்களுக்குத் தமிழ் அரைகுறை. இந்த முறைகள் மட்டும் அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

இப்போது அந்தச் சந்துக்குள் நுழைகிறவள் யார், எத்தனை முறை வந்தாள், எவ்வளவு நேரம் இருந்தாள் என்பதெல்லாம் புளோர் இன்சார்ஜ் தீனதயாளன் மேஜை மேல் இருந்த டிவியில் ஓடியது. அந்த மேஜையைத் தாண்டித்தான் அயர்ன் டேபிள் ஆண்கள் உட்பட எல்லாரும் போய்வர வேண்டும்.

சித்ரகலா அவனிடம் போய்க் கேட்டாள். தீனதயாளன் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மரியாதையாகத்தான் பேசினான். இரண்டு லாட்டில் பனியன் பீஸ் குறைகிறது, பெண்கள் துப்பட்டாவுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போவதை அவனே பார்த்தான், பாத்ரூம் ஜன்னலுக்குப் பின்னால் காலிமனை, அங்கே தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், அதனால் முதலாளியிடம் சொல்லி வைக்கச் சொன்னது என்றான். கதவுக்கு வெளியேதானே இருக்கிறது, உள்ளே ஒன்றும் தெரியாதே என்றும் சொன்னான்.

அவர்கள் மறைத்துக்கொண்டு போவது என்னவென்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அயர்ன் பண்ணுகிறவர்கள் இருவர் பக்கத்தில் நின்று டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லாமலே திரும்பி வந்துவிட்டாள்.

*

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அபிராமியின் மெஷின் நின்றது.

நூல் அறுந்திருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். சித்ரகலா போய்ப் பார்த்தபோது அவள் இரண்டு கைகளாலும் மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்கிறது என்றாள்.

சித்ரகலா அவளை எழுப்பிக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். சந்து வரைக்கும் வந்த அபிராமி, அங்கே கால் ஊன்றி நின்றுவிட்டாள்.

"வேண்டாங்கா. காலைல ரெண்டு மூணு தடவ போய்ட்டேன். கடைசியா வரும்போது அந்த மேஜைகிட்ட இருந்தவக என்னயப் பாத்துச் சிரிச்சாக. நான் சாயங்காலம் வீட்டுல போய்க்கிறேன்."

"இந்த ஒடம்ப வெச்சுட்டு அடக்கக் கூடாது கண்ணு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று சித்ரகலாவுக்கு உறைத்தது. அபிராமி நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. சித்ரகலா அவளை மாரக்காளிடம் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

*

அதே நேரத்தில் தமிழ்செல்வன் தீனதயாளனின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கேட் பக்கத்துக் கேமராவில் படம் நடுங்குகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்து முடித்ததும், பழைய பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்ப்பது எப்படி என்று தீனதயாளன் கேட்டான். தமிழ்செல்வன் காட்டிக் கொடுத்தான். பழகிப் பார்ப்பதற்காகத் தீனதயாளன் எடுத்துக்கொண்டது அந்தச் சந்துக் கேமராவை.

ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டும்போது கதவு தெரிகிறதே என்று தமிழ்செல்வன் ஒருமுறை கேட்டிருந்தான். வெளியே மட்டும்தான் என்றார்கள். அவனும் சரியென்று விட்டுவிட்டான். படம் தெளிவாக விழுகிறதா என்பதில்தான் அவன் கவனமெல்லாம் இருந்தது.

தெளிவாகத்தான் விழுந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகச் சந்துக்குள் வந்தார்கள், மேலே பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் பாதியிலேயே திரும்பிப் போனார்கள்.

"இத பாருங்க," என்றான் தீனதயாளன். "இந்தப் பொண்ணு வேலை செய்யுதா, இங்கயே குடியிருக்குதான்னு தெரியல."

திரையில் இருந்தது அபிராமி. அவள் இவன் மனைவி என்பது தீனதயாளனுக்குத் தெரியாது.

அவள் வேகமாக உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். வாயைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். யாரும் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். வலது கையை அடிவயிற்றில் வைத்து, கண்ணை மூடி, உதட்டசைவில் ஏதோ சொன்னாள். வேண்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. பிறகு கண்ணைத் திறந்தவள், கேமராவை அப்போதுதான் பார்த்தாள். சட்டென்று கையை எடுத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள்.

தமிழ்செல்வனுக்குப் புரிந்துவிட்டது. முதலில் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குப்பென்று எழுந்தது. அது அடங்குவதற்குள் வெட்கம் வந்து அதன் மேல் விழுந்தது. அவள் தன் வாயால், தான் விரும்புகிற நேரத்தில் சொல்ல வைத்திருந்ததை, அவன் வேறொரு ஆணோடு நின்று டிவியில் பார்த்திருக்கிறான். அவள் கையை எடுத்துக்கொண்டு ஓடியது அவன் மாட்டிய கண்ணுக்குப் பயந்து.

பழைய பதிவை நிறுத்தச் சொன்னான். தீனதயாளன் நிறுத்தினான். திரை நடப்புக்குத் திரும்பியது. சந்தில் சித்ரகலா ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பனியன், ஓட்டை விழுந்ததால் ஒதுக்கியது. அவள் முகம் திரையில் பெரிதாக வந்தது. அடுத்த கணம் அந்தக் கட்டம் முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்டது.

*

சாமியப்பன் கெட்ட மனிதர் இல்லை. அவரே ஒரு காலத்தில் இதே தொழிலில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகத் தொடங்கி, சிறுகச் சிறுக வளர்ந்தவர். ஆனால் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும். அன்றைக்கு அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

சூப்பர்வைசரே கேமராவைத் துணி போட்டு மூடினால் நாளைக்கு மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். தீனதயாளன் ஓரமாக நின்றான். கூடவே வந்த தமிழ்செல்வன் கதவருகில் நின்றான். சித்ரகலா, கேட்காமல் செய்தது தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் துணியை இறக்கி எடுக்கச் சொன்னால் எடுக்கமாட்டேன் என்றாள்.

"அப்ப காணாமப் போற பீஸுக்கு நீங்க பதில் சொல்றீங்களா?" என்றார் சாமியப்பன்.

சித்ரகலா தரையைப் பார்த்தாள். அறையில் மூன்று ஆண்கள். அதில் ஒருவன் கொழுந்தன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் எதிரில் சேலைத் தலைப்பைச் சரிசெய்யாமல் அவள் நின்றதில்லை. அபிராமி கால் ஊன்றி நின்ற இடம் நினைவுக்கு வந்தது. தலையை நிமிர்த்தினாள்.

"தீனதயாளன் பாத்தேன்னு சொன்னது நெசந்தானுங்க. துணி எடுத்துட்டுத்தான் போறாங்க. ஆனா அது பீஸ் இல்லீங்க, கட்டிங் வேஸ்ட். மாசாமாசம் வீட்டுக்குத் தூரமாகற நாள்ல வெச்சுக்கறதுக்குங்க. அதத்தான் மறைச்சு எடுத்துட்டுப் போறாங்க. வேற எப்படீங்க எடுத்துட்டுப் போறது?"

தீனதயாளனின் காது மடல் சிவந்துவிட்டது. சாமியப்பன் மேஜைமேல் கிடந்த ஸாம்பிள் துணியைக் கையில் எடுத்தார், பிறகு தொடக்கூடாத எதையோ தொட்டுவிட்ட மாதிரி கீழே வைத்தார்.

"இத்தன வருசமா ஏனுங்க சொல்லல?" என்றார். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"யாருகிட்டீங்க சொல்றது? தாழ்ப்பாள் இல்லைன்னு சொல்லவே எங்களுக்கு வாய் வரல. பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாக்காத மாதிரி இருந்துக்குவோமுங்க. அந்த எடத்துல எங்களுக்கு இருந்த மறைப்பு அது ஒண்ணுதான். காலையில இருந்து அதுவும் போயிருச்சு. வெளிய பாருங்க, ஒருத்தரும் தண்ணி குடிக்கல. வயித்து வலியில ஒரு பொண்ணு மெஷின்ல சாஞ்சிருச்சு."

தமிழ்செல்வன் திடுக்கிட்டுப் பார்த்தான். இப்போது பரவாயில்லை, மாரக்காள் கூட இருக்கிறாள் என்று சித்ரகலா அவன் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

அவன் முன்னால் வந்தான்.

"நாந்தானுங்க மாட்டுனது. அங்க வெக்கக் கூடாதுன்னு தோணியிருக்கோணும், தோணல. இப்பவே கழட்டிக்கறேனுங்க. அதனால மத்த வேலைய நீங்க வேற ஆளுக்குக் குடுத்தாலும் சரிங்க."

சாமியப்பன் எழுந்து போய் ஜன்னல் வழியாகத் தையல் பகுதியைப் பார்த்தார். மெஷின்களின் ஓரத்தில் பாட்டில்கள் அப்படியே நின்றன. அவருக்குக் கல்லூரியில் படிக்கிற மகள் ஒருத்தி உண்டு. அவளை நினைத்தாரோ என்னவோ, அதை அவர் சொல்லவில்லை.

கேமராவைக் கழற்றிப் பேக்கிங் ரூம் கதவுக்கு வைக்கச் சொன்னார். டிவியைத் தீனதயாளன் மேஜையிலிருந்து எடுத்துத் தன் அறையில் போடச் சொன்னார். தச்சு ஆசாரிக்கு அவரே போன் போட்டு, தாழ்ப்பாள் வேலை இருக்கிறது, இன்றைக்கே வரவேண்டும் என்றார். கடையில் விற்கிற நாப்கினை வாங்கிப் பாத்ரூமுக்குள்ளேயே ஓர் அலமாரியில் வைத்துவிடலாமா, யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாமே என்று, சித்ரகலாவின் முகத்தைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக் கேட்டார். வைக்கலாமுங்க என்றாள் அவள்.

"ஆனா பீஸ் எங்க போச்சுங்கறது எனக்குத் தெரிஞ்சாகோணும்," என்றார் கடைசியில்.

அது நியாயமான கேள்விதான். மச்சினர் கம்பெனி வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தமிழ்செல்வனும் கேட்கவில்லை. சந்துக் கேமராவில் காலையிலிருந்து பதிவானதை அழித்துவிடலாமா என்று மட்டும் கேட்டான். சாமியப்பன் சரியென்று தலையசைத்தார்.

*

கேமராவைக் கழற்றும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டவன் தீனதயாளன். யாரும் சொல்லாமல் அவனாக வந்து பிடித்தான். கழற்றி முடிக்கும் வரை தலையைத் தூக்கவில்லை. இறங்கியதும், சற்றுமுன் டிவியில் தான் காட்டிய பெண் யாரென்று இப்போதுதான் மாரக்காள் சொன்னாள் என்றான். மன்னிச்சுக்கோங்க என்றும் சொன்னான். தமிழ்செல்வன் அவன் தோளைத் தொட்டுவிட்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

சாயங்கால டீக்குப் பிறகு குழாயடியில் கூட்டம். ஜார்க்கண்ட் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு பாட்டில் நிரப்பினார்கள். சந்துக்குள் ஆசாரி சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது.

ஷிப்டு முடிந்து கேட்டருகில் சித்ரகலா பஸ்ஸுக்கு நின்றபோது தமிழ்செல்வன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அபிராமி இன்னும் வெளியே வரவில்லை. சித்ரகலா சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பதிவுல என்ன பாத்தீங்க தம்பி?"

அவன் வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒண்ணும் பாக்கலீங்க அண்ணி."

சித்ரகலா அவன் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு, நல்லது என்று சொல்லிவிட்டு வருகிற பஸ்ஸைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அபிராமி வந்து வண்டியில் ஏறினாள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். விட்டுவிட்டது என்றாள். நடந்ததையெல்லாம் மாரக்காள் சொன்னதாகவும், அக்கா ஸ்டூலில் ஏறி நின்றதை நினைத்தால் இப்போதும் உடம்பு புல்லரிக்கிறது என்றும் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் உம் கொட்டினான். கேட்க வேண்டும் போல நாக்கு நுனிவரை வந்தது. எத்தனை நாள் ஆகிறது, ஆஸ்பத்திரிக்குப் போனாயா, பயமாக இருக்கிறதா. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டான்.

பேச்சு ஓய்ந்து கொஞ்ச தூரம் போயிருப்பார்கள்.

"மாமா, நாளைக்கு லீவு சொல்லியிருக்கேன். ஒரு எடத்துக்குப் போகணும். நீங்களும் வாரீகளா?"

"வர்றேன்."

"எங்கன்னு கேக்கலையே?"

"நீ எப்பச் சொல்றியோ அப்பச் சொல்லு."

அவள் கை அவன் தோள்மேல் வந்து அமர்ந்தது. ரோட்டில் கம்பெனி விட்ட நேரத்து நெரிசல். பின்னாலிருந்து ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து முந்திப் போனது. முன்னால் சாக்கடை வேலைக்காக வெட்டிப் போட்ட பள்ளம்.

"மெதுவா ஓட்டுங்க," என்றாள் அபிராமி.

சொன்ன பிறகுதான் அவள் கவனித்தாள். கம்பெனி கேட்டைத் தாண்டியதிலிருந்தே அவன் மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டு வந்தான்.